ஹால்டிஸ் போட்ட கையெழுத்து

அக்டோபர் கடைசி வாரத்தில் ஹால்டிஸ் வீட்டுச் சுவர் கண்ணுக்கே தெரியாது. ஸ்கார்டால் ஊரின் பனிச்சறுக்குப் பலகைகள் பாதிக்கு மேல் அங்கே வந்து சாய்ந்து நிற்கும். ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு சீட்டு ரப்பர் பேண்டால் கட்டியிருக்கும். பெயர், உடம்பு எடை, ஷூ அளவு. சிலர் கீழே ஒரு வரி சேர்த்திருப்பார்கள். "அவசரம் இல்ல. ஆனா ஞாயித்துக்கிழமை கிடைச்சா நல்லது."

நான் எதிர் வீடு. என் இரண்டு பெண்களின் பலகைகளும் அந்தச் சுவரில்தான் நின்றன, பதினொரு வருடம்.

ஹால்டிஸுக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. எங்கள் பள்ளிக்கூடத்தின் பராமரிப்பு வேலை அவளுடையது. பல்பு எரியாவிட்டால் அவள், குழாய் உறைந்தால் அவள், கூரையில் பனி ஏறினால் ஏணியோடு அவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "யாரும் கேக்கல. கேட்ட ஒருத்தன் குறட்டை விடுவான்" என்பாள். வேலை முடிந்து வந்ததும் வீட்டின் அடித்தளத்தில் இருக்கிற துணி துவைக்கும் அறைக்குப் போய்விடுவாள். வாஷிங் மெஷின் ஒரு பக்கம், ஒரு நீள மேஜை மறுபக்கம். அந்த மேஜையில்தான் ஊருக்கே பைண்டிங் பூட்டினாள்.

பைண்டிங் என்பது ஷூவின் நுனியைப் பலகையோடு கவ்வுகிற கொக்கி. குதிகால் தூக்கிக்கொள்ளும், நுனி மட்டும் பிடியில் இருக்கும். அதைப் பலகையில் எந்த இடத்தில் வைத்துத் திருகுகிறோம் என்பதில்தான் ஏற்றமும் இறக்கமும் இருக்கிறது. நகரத்துக் கடையில் வாங்கினால் அவர்களே பூட்டிக் கொடுப்பார்கள். ஆனாலும் எங்கள் ஊர்க்காரர்கள் பூட்டாமல் வாங்கிக்கொண்டு வந்து ஹால்டிஸிடம் கொடுப்பார்கள். அவள் பலகையை ஒரு இரும்புப் பட்டையின் விளிம்பில் படுக்க வைப்பாள். முன்னும் பின்னும் மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்த்துவாள். பலகை இந்தப் பக்கமும் சாயாமல் அந்தப் பக்கமும் சாயாமல் மூச்சுப் பிடித்து நிற்கிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. அந்தக் கோட்டின் மேல் ஓட்டைகள் அச்சடித்த காகிதத்தை ஒட்டுவாள். டிரில் பிட்டில் ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் சிவப்பு டேப் சுற்றியிருக்கும், அதற்கு மேல் இறங்கினால் பலகையின் அடிப்பக்கம் பொத்துக்கொள்ளும். ஓட்டையில் தூளை ஊதிவிட்டு இரண்டு சொட்டு மரப்பசை. பிறகு ஸ்க்ரூ. அதை மட்டும் மெஷினால் திருக மாட்டாள்.

"ஏன், கை வலிக்காதா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"மெஷினுக்கு எப்ப நிறுத்தணும்னு தெரியாது" என்றாள்.

கூலி என்று எதுவும் கிடையாது. கேக் வரும், காப்பிப் பொட்டலம் வரும், வேட்டைக்காலத்தில் காட்டு மான் இறைச்சி வரும். அவளுக்கு அது போதுமாயிருந்தது. அதைவிடப் பெரிய கூலி ஒன்று உண்டு. பனி விழுந்த முதல் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கிற சரிவில் போய் நின்று, அறுபது எழுபது பிள்ளைகள் தன் கைபட்ட பலகைகளில் சறுக்கிக்கொண்டு வருவதைப் பார்ப்பாள். அப்போது அவள் முகத்தில் இருக்கிற திருப்தியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இதெல்லாம் அவள் தம்பி ரூனாருக்காக ஆரம்பித்தது. பன்னிரண்டு வயது இளையவன். அவனுக்குப் பத்து வயதாக இருக்கும்போது கடையில் பூட்டிய பைண்டிங் கோணலாகிப்போய், இறக்கத்தில் எல்லாம் முகம் குப்புற விழுந்துகொண்டிருந்தான். ஹால்டிஸ் அதைக் கழற்றி சமையலறை மேஜையில் வைத்துத் தானே பூட்டப் பார்த்தாள். முதல் ஓட்டை அடிவரைக்கும் போய்விட்டது. அதை அடைத்துவிட்டு மறுபடியும் போட்டாள். அந்தப் பலகையில்தான் ரூனார் தன் முதல் போட்டியை ஜெயித்தான். பிறகு வரிசையாக ஜெயித்தான். வளர்ந்து எங்கள் ஊர் பனிச்சறுக்குச் சங்கத்துக்குப் பயிற்சியாளர் ஆனான். "எங்க அக்கா கை" என்று புதிதாக வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வான். மாவட்ட அணிக்குப் பயிற்சியாளராகப் போக வேண்டும் என்பது அவன் ஆசை. அந்த வருடம் அது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. காரணம் ஐரின்.

ஐரின் பனி அள்ளும் வண்டி ஓட்டுகிற ஓமுண்டின் மகள். பதினேழு வயது. நான்கு வயதிலிருந்து அவள் போட்ட எல்லாப் பலகைகளும் ஹால்டிஸ் பூட்டியவை. பிப்ரவரியில் மாவட்டப் போட்டி. அதற்கு ஒரு வாரம் முன்னால் புதுப் பலகை வந்தது. ரூனார் அதைத் தானே கொண்டுவந்தான். ஒரு பாத்திரம் இரவல் வாங்கப் போன நானும் அங்கே நின்றிருந்தேன்.

"அக்கா, இவளுக்கு ஒரு சென்டிமீட்டர் முன்னாடி வச்சுப் பூட்டு."

"எதுக்கு?"

"ஏத்தத்துல வழுக்காம பிடிக்கும். அந்தப் போட்டியில கடைசி ஏத்தம்தான் எல்லாத்தையும் தீர்மானிக்கும்."

"ஏத்தம்னு இருந்தா இறக்கமும் இருக்குமே. இந்தப் பலகை அவ எடைக்குச் சரியா நிக்குது. நான் கோட்டுல வைக்கிறேன், ஏத்தத்துல பிடிக்கிற மெழுக நீ அடியில நல்லாப் போடு."

"நான் பயிற்சியாளரா, நீ பயிற்சியாளரா?"

"நீதான். அதனால்தான் சொல்றேன், புள்ளைய முகத்துல விழ வைக்காத" என்று சிரித்தாள். அவனும் சிரித்தான். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் கோட்டில் வைத்துப் பூட்டினாள். மறுநாள் அவன் வந்து எடுத்துக்கொண்டு போனான்.

போட்டியில் ஐரின் கடைசி ஏற்றத்தில் முதலாவதாக ஏறினாள். பிறகு இறக்கத்தின் வளைவில் இடது பலகையின் பைண்டிங் ஸ்க்ரூக்களோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. வேகம் குறையாமல் ஒரு பிர்ச் மரத்தில் போய் மோதினாள். தொடை எலும்பு முறிந்தது, முழங்கால் நொறுங்கியது. ஹெலிகாப்டர் வந்து தூக்கிக்கொண்டு போனது.

பந்தயம் முடிகிற கோட்டருகே எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "பைண்டிங் யார் போட்டது?"

ரூனார் சொன்னான். "எப்பவும் போல, ஹால்டிஸ்தான்."

அந்தச் செய்தி அவள் காதுக்கு வரும்போது அவள் பள்ளிக்கூடத்தில் ஜிம் அறையின் ஹீட்டரைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ போனில் சொன்னார்கள். கருவிகளைத் தரையில் அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவள், மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. அதுவரை அவள் ஒரு நாள் கூட லீவு எடுத்து நான் பார்த்ததில்லை.

நான்காம் நாள் பூங்கொத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். வராண்டாவிலேயே ஓமுண்ட் எழுந்து வந்தான். இரண்டு பேரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"உள்ள போகாத, ஹால்டிஸ்."

"ஒரே ஒரு வார்த்தை அவகிட்ட…"

"என்ன சொல்லப் போற? ஸ்க்ரூ சரியா முறுக்கலேன்னு சொல்லவா? போ, தயவுசெஞ்சு போ."

திறந்த கதவு வழியாக ஐரின் தெரிந்தாள். ஹால்டிஸைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எல்லாவற்றையும்விட அதுதான் தன்னைக் கொன்றது என்று ஹால்டிஸ் பின்னால் என்னிடம் சொன்னாள்.

அவள் நம்பினாள். அதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். தவறு தன் கையில்தான் என்று முழுசாக நம்பினாள். அந்த வாரம் தனக்கு ஜலதோஷம் இருந்தது, பசை போட மறந்திருப்பேனோ, டிரில் பிட்டை மாற்றி எடுத்திருப்பேனோ என்று ஒவ்வொரு அசைவாக நினைத்துப் பார்த்தாள். தன் சொந்தப் பலகைகளின் பைண்டிங்கைக் கழற்றி, ஓட்டைகளைப் பார்த்துவிட்டு, மறுபடியும் பூட்டினாள். பள்ளிக்கூடத்தில் கதவைப் பூட்டிவிட்டுப் பாதி வழி வந்து, திரும்பிப் போய் இழுத்துப் பார்க்கிற பழக்கம் அப்போது வந்ததுதான்.

ரூனாரிடம் கேட்டாள். "அந்தப் பலகைய நான் ஒரு தடவ பாக்கணும்டா. எங்க தப்பு பண்ணேன்னு தெரியணும்."

"ஓமுண்ட் உறையோட எடுத்துட்டுப் போயிட்டான். இப்பப் போய் அவன்கிட்ட அதைக் கேப்பியா? அவன் பொண்ணு ஆஸ்பத்திரியில கெடக்குறா."

"கேக்கக் கூடாதுதான்."

"யாருக்கும் ஒரு தடவ தப்பு வரும்க்கா. நான் யார்கிட்டயும் உன்னை விட்டுக் கொடுக்கல. எல்லார்கிட்டயும் சொல்றேன், அவளும் மனுஷிதானேன்னு. நீ கொஞ்ச நாள் ஒதுங்கியே இரு."

மார்ச் மாதம் ஒரு தாளைக் கொண்டுவந்தான். சங்கத்தின் விபத்து அறிக்கை. "ஒண்ணுமில்லக்கா. ஐரினோட பைண்டிங்க நீதான் பூட்டுனேன்னு ஒரு வரி இருக்கு. அது உண்மைதானே?" உண்மைதான். அவள் கையெழுத்துப் போட்டாள். அவன் காப்பி குடித்துவிட்டு, அவள் தோளில் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனான்.

அதற்குள் ஊர் விலகிவிட்டது. யாரும் சண்டை போடவில்லை, கடிதம் எழுதவில்லை. ஸ்கார்டாலில் அப்படி வழக்கமில்லை. கடையில் அவளைப் பார்த்தால் பால் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொள்வார்கள், அவ்வளவுதான். என் மூத்தவளின் பைண்டிங் ஆடத் தொடங்கியபோது நானே பலகைகளைக் காரில் போட்டுக்கொண்டு நாற்பது கிலோமீட்டர் தள்ளி நகரத்துக்குப் போனேன். வண்டியை வீட்டுக்குப் பின்பக்கம் நிறுத்தி ஏற்றினேன், அவள் ஜன்னலிலிருந்து தெரியக் கூடாது என்று. தெரிந்திருக்கும்.

மே மாதம் ஓமுண்ட் தன் கொட்டகையைச் சுத்தம் செய்தான். அந்தப் பலகை உறையைக் கொண்டுவந்து ஹால்டிஸ் வாசற்படியில் வைத்தான். "இதை எங்க வீட்டுல வச்சிருக்க முடியல. நீயே வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனான். விழுந்த நாளிலிருந்து அந்த உறையின் ஜிப்பை யாரும் திறக்கவில்லை.

ஹால்டிஸும் இரண்டு வாரம் திறக்கவில்லை. மூன்றாம் சனிக்கிழமை காலையில் என் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"வா. வந்து நீயும் பாரு. நான் மட்டும் பாத்தா யாரும் நம்ப மாட்டாங்க."

துணி துவைக்கும் அறையில் வலது பலகை இரும்புப் பட்டையின் மேல் கிடந்தது. அதில் பைண்டிங் அப்படியே இருந்தது. அவள் பென்சில் கோடும் மங்கலாகத் தெரிந்தது. கோட்டின் மேல் இருக்க வேண்டிய பைண்டிங் அதற்கு ஒரு சென்டிமீட்டர் முன்னால் இருந்தது.

"நீ கோட்டுல வச்சத நானே பாத்தேனே" என்றேன்.

"பாத்தல்ல? இரு."

ஸ்க்ரூக்களைத் திருகினாள். திருகவே வேண்டியிருக்கவில்லை, விரலுக்கே வந்தன. பைண்டிங்கைத் தூக்கியதும் கீழே ஓட்டைகள் தெரிந்தன. ஒரு வரிசை சின்னதாக, ஒரே அளவாக, விளிம்பில் காய்ந்த பசையோடு. அவற்றைத் தீக்குச்சிகளை உடைத்துச் செருகி அடைத்திருந்தார்கள். அதற்கு ஒட்டினாற்போல், நடுவில் ஒரு நகத்தளவு கூட மிச்சமில்லாமல், இன்னொரு வரிசை. அகலமான ஓட்டைகள். ஒன்றிலும் பசை இல்லை. இடது பலகையில் இரண்டு வரிசைகளுக்கும் நடுவில் இருந்த சுவர் உடைந்து ஒரே குழியாகிக் கிடந்தது.

ஹால்டிஸ் ஒரு தீக்குச்சித் துண்டை ஊசியால் நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"மூணு மாசம்" என்றாள். "மூணு மாசம் நான் இந்தக் கைய வெட்டிப் போடலாமான்னு நெனச்சேன்."

"ரூனாரா?"

"வேற யார்கிட்ட இருந்துச்சு பலகை?"

அன்றைக்கே அவன் வீட்டுக்குப் போனாள். அவன் கராஜில் கார் டயர் மாற்றிக்கொண்டிருந்தானாம். அங்கே நடந்ததை அவள் எனக்கு வார்த்தை மாறாமல் சொன்னாள். அவள் தீக்குச்சியை அவன் முன்னால் நீட்டினாள். அவன் பார்த்ததுமே புரிந்துகொண்டான். மறுக்கவில்லை.

"எங்கிட்ட உன்னோட சின்ன பிட் இல்லக்கா. கைக்குக் கெடச்சதுல போட்டேன். ஒரு போட்டிக்குத் தாங்கும்னு நெனச்சேன்."

"அது தப்பு. தப்பு யாருக்கும் வரும், நீதான் சொன்ன. அப்புறம் ஏண்டா எம்பேரச் சொன்ன?"

"அங்க எல்லாரும் கேட்டாங்க. வாயில வந்துருச்சு."

"மார்ச்சுல தாளக் கொண்டாந்தியே, அதுவும் வாயில வந்ததா?"

அவன் டயரைக் கீழே வைத்தான். "நீயே யோசிச்சுப் பாரு. எம்பேரு வந்தா எனக்கு எல்லாம் போச்சு. மாவட்ட அணி போச்சு, சங்கம் போச்சு. உனக்கு என்ன போச்சு சொல்லு. நீ பள்ளிக்கூடத்துல பல்பு மாத்துற. நாளைக்கும் பல்பு மாத்துவ."

ஹால்டிஸ் அந்த வாக்கியத்தை எனக்குச் சொல்லும்போது சிரித்தாள். கேட்பதற்கு நன்றாக இல்லாத சிரிப்பு.

"ஐரின்கிட்ட என்ன சொல்லப் போற?" என்று அவனைக் கேட்டிருக்கிறாள்.

"அவளுக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"நான் பூட்டும்போது பலகையப் பிடிச்சுக்கிட்டு நின்னதே அவதான். வெளிய சொல்ல வேணாம்னு நான் கேட்டுக்கிட்டேன்."

அப்போதுதான் அவளுக்கு ஆஸ்பத்திரியில் சுவர்ப் பக்கம் திரும்பிய முகம் விளங்கியது. அது கோபமில்லை. நான்கு வயதில், ஹால்டிஸின் மேஜைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு சிதறிய தூளையெல்லாம் கூட்டிவைத்து விளையாடிய பிள்ளை ஐரின்.

ரூனார் இரண்டு வாரம் அவகாசம் கேட்டான். ஜூன் முதல் வாரத்தில் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். அங்கே எல்லோர் முன்னாலும் தானே சொல்வதாகச் சத்தியம் செய்தான். ஹால்டிஸ் ஒத்துக்கொண்டாள். "அவனே சொன்னாத்தான் அவனுக்கும் நல்லது" என்றாள் என்னிடம். அந்த அளவுக்கு அவள் இன்னும் அக்காவாக இருந்தாள்.

கூட்டம் பள்ளிக்கூட ஜிம்மில் நடந்தது. சாயங்காலம் ஆறு மணி, ஆனால் வெயில் நடுப்பகல் மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. வாஃபிளும் காப்பியும் இருந்தன. நாற்பது பேர் போல வந்திருந்தோம். சங்கத் தலைவி தூருன் எழுந்து, ரூனார் மாவட்ட அணிக்குத் தேர்வாகிவிட்டான் என்று அறிவித்தாள். கை தட்டினோம். அவனுக்கு ஒரு பூங்கொத்து கொடுத்தார்கள். அவன் பேசினான். வருடத்தைப் பற்றிப் பேசினான், பிள்ளைகளைப் பற்றிப் பேசினான், ஐரினின் தைரியத்தைப் பற்றிப் பேசினான். பிறகு நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். அக்கா பக்கம் அவன் பார்வை போகவேயில்லை.

ஹால்டிஸ் எழுந்தாள். நாற்காலிக்கு அடியிலிருந்து அந்தப் பலகைகளை எடுத்துக்கொண்டு முன்னால் போய் வாஃபிள் தட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"என் தம்பி ஒரு விஷயம் சொல்றேன்னு சொன்னான். மறந்துட்டான் போல. வந்து பாருங்க. இதுல ரெண்டு வரிச ஓட்ட இருக்கு. ஒண்ணு என்னோடது."

யாரும் எழுந்திருக்கவில்லை. ஓமுண்ட் மட்டும் வந்து பார்த்தான். குனிந்து ரொம்ப நேரம் பார்த்தான். "என்ன ரூனார் இது?" என்று கேட்டான்.

"எல்லாப் பலகையிலயும் பழைய ஓட்ட இருக்கும்" என்றான் ரூனார்.

"புதுப் பலகைடா அது! நீதானே கொண்டாந்த" என்றாள் ஹால்டிஸ்.

தூருன் தொண்டையைச் செருமினாள். "ஹால்டிஸ், உன் வருத்தம் எங்களுக்குப் புரியுது. ஆனா அறிக்கையில உன் கையெழுத்து இருக்கு. அது முடிஞ்சுபோன விஷயம். இன்னிக்கு நல்ல நாளா இருக்கட்டுமே."

ஹால்டிஸ் திரும்பிப் பார்த்தாள். அறை முழுவதையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "நீ பாத்தல்ல? நான் கோட்டுல பூட்டுனத. நான் பைண்டிங்கக் கழட்டுனப்போ ஓட்டையையும் பாத்த. சொல்லு."

நாற்பது முகமும் என் பக்கம் திரும்பின.

என் இளையவள் அந்த இலையுதிர்காலத்தில் இளைஞர் அணியில் சேர இருந்தாள். சேர்ப்பதும் விடுவதும் தூருன் கையில். அது ஒரு காரணம். இன்னொரு காரணம், கைதட்டி முடித்த ஒரு அறையில் எழுந்து நிற்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. "எனக்கு இந்த டெக்னிக்கல் விஷயமெல்லாம் அவ்வளவாத் தெரியாது" என்றேன்.

அப்படியே சொன்னேன். ஒரு சொல்லைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

தூருன் தாளைப் புரட்டினாள். "அடுத்தது, கோடைக்கால முகாம்." யாரோ காப்பி ஊற்றினார்கள். ஹால்டிஸ் பலகைகளை எடுத்து உறையில் போட்டு, ஜிப்பை இழுத்துவிட்டு, வெளியே போனாள். அவளுக்காகக் கதவைப் பிடித்துத் திறந்தவன் ஓமுண்ட் ஒருவன்தான்.

அவன் வீட்டுக்குப் போய் மகளிடம் கேட்டிருக்கிறான். ஐரின் இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரேயடியாக எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஆகஸ்டில் தன் கையால் மாவட்டச் சங்கத்துக்குக் கடிதம் எழுதினாள். ரூனாரின் புதுப் பதவி போனது. "குடும்பக் காரணங்களுக்காக" விலகியதாகப் பத்திரிகையில் இரண்டு வரி வந்தது. அவன் வீட்டை விற்றுவிட்டு மனைவியோடு கடலோரப் பக்கம் போய்விட்டான்.

செப்டம்பரில் ஐரின் ஊன்றுகோலோடு ஹால்டிஸ் வீட்டுக்கு வந்தாள். நான் தோட்டத்தில் இருந்தேன், வாசற்படியில் நின்று அவர்கள் பேசியது கேட்டது.

"நான் அப்பவே சொல்லிருக்கணும்."

"சொல்லிருக்கணும்தான்."

"அவர் சொன்னாரு, நான் வாயத் தொறந்தா அணியே கலைஞ்சுடும்னு. எனக்குப் பயமா இருந்துச்சு."

"உனக்குப் பதினேழு வயசு. உன்மேல எனக்குக் கோவம் ரொம்ப நாள் இருக்காது" என்றாள் ஹால்டிஸ். "ஆனா இப்ப இருக்கு. கால் எப்படி இருக்கு?"

"ஓட முடியாதுன்னு சொல்லிட்டாங்க. நடக்கலாம்."

"உள்ள வா. நின்னுட்டே இருக்காத."

சங்கத்திலிருந்து ஒரு மன்னிப்புக் கடிதமும் பூச்செண்டும் வந்தன. பூச்செண்டைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் ஆசிரியர் கழிவறையில் வைத்தாள். கடிதத்தைப் படித்தாளா என்று தெரியாது.

அக்டோபர் கடைசியில் பலகைகள் திரும்ப வந்தன. முதலில் ஒரு ஜோடி, பிறகு ஐந்து, ஒரு வாரத்தில் இருபத்திரண்டு. சீட்டுகளோடு, கேக்குகளோடு. தூருன் வீட்டு ஜோடியும் இருந்தது. என்னுடையதும் இருந்தது. மன்னிப்புக் கேட்க வாய் வராதவர்கள் எல்லாம் பலகையை அனுப்பிவைத்தோம். ஹால்டிஸ் பள்ளிக்கூடத்துத் தள்ளுவண்டியைக் கொண்டுவந்து, இரண்டு மத்தியானம் செலவழித்து, ஒவ்வொரு ஜோடியையும் அதனதன் வீட்டு வாசலில் கொண்டுபோய்ச் சாய்த்துவிட்டு வந்தாள். ஒன்றில் கூட அவள் கை வைக்கவில்லை. கேக்குகளை மட்டும் வைத்துக்கொண்டாள். "கேக்கு யாரையும் ஏமாத்தல" என்று ஓமுண்டிடம் சொன்னாளாம்.

என் வாசலுக்கு வந்தபோது நான் கதவைத் திறந்தேன்.

"ஹால்டிஸ், அன்னிக்கு நான்…"

"ரூனாராவது எந்தம்பி. பயந்தவன். சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். உன்னை நான் சாட்சிக்குக் கூப்பிட்டேன்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. பலகைகளைச் சுவரில் சாய்த்து, விழாமல் இருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஒன்பது வருடம் ஆகிறது. அவள் ஓய்வு பெற்றுவிட்டாள். வருடத்துக்கு இரண்டே ஜோடிக்கு மட்டும் பைண்டிங் பூட்டுகிறாள், தனக்கும் ஓமுண்டுக்கும். மற்றவர்கள் நகரத்துக்குப் போகிறோம். ஐரின் அங்கே பல் மருத்துவரிடம் வேலை செய்கிறாள், ஊருக்கு வந்தால் ஹால்டிஸ் வீட்டில்தான் சாப்பாடு. ரூனார் அக்காவின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் போன் செய்கிறான். அவள் எடுத்து, அவன் குரல்தான் என்று தெரிந்ததும், "உயிரோடதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாள். எடுக்காமல் இருந்ததில்லை.

என்னோடு பேசுகிறாள். பனி அதிகமாக விழுந்தால் என் வாசலையும் சேர்த்து அள்ளிவிடுகிறாள். போன குளிர்காலத்தில் கடை வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றபோது எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது.

"அன்னிக்குக் கூட்டத்துல நான் எந்திரிச்சு நின்னிருக்கணும்" என்றேன்.

"ஆமா" என்றாள். பாலையும் ரொட்டியையும் எடுத்து வைத்தாள்.

"இத்தன வருஷமா அதையே நெனச்சுட்டு இருக்கேன்."

"நானும்தான்" என்றாள். பையைத் தோளில் போட்டுக்கொண்டு, கதவருகே நின்று, நான் வரும்வரை காத்திருந்தாள். வழி முழுக்க நாங்கள் பள்ளிக்கூடக் கூரையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தோம். புதிதாக வந்த பராமரிப்பாளருக்கு ஏணி ஏறப் பயமாம். அவள் வீட்டுக் கதவு வரைக்கும் போனேன். உள்ளே கூப்பிடவில்லை.